குதிரையை எங்கே கட்டுவது

ஆங்கில இலக்கியம் படித்தவள் என்று என்னைச் சொல்கிறார்கள். நான் படித்தது கைடு. என்னோடு படித்தவர்களும் கைடுதான் படித்தார்கள். பாடப்புத்தகம் என்பது வாங்கி, அட்டை போட்டு, அலமாரியில் வைக்கிற பொருள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று சொல்ல ஆள் கிடையாது. அதைக் கைடு சொன்னது.

அதை எழுதியவர் எங்கள் துறைத்தலைவர். மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் கைடு சார். அது அவர் காதுக்கும் போயிருந்தது, அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஊரில் எந்தக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தாலும் அவர் கைடுதான். தேர்வுத்தாள் திருத்துகிறவர்களும் ஒரு காலத்தில் அதையே படித்தவர்கள் என்பதால், அதில் உள்ளதை உள்ளபடி எழுதினால் மதிப்பெண் தானாக வந்து விழும்.

அந்தக் கைடில் ஒரு காதல் கவிதை இருந்தது. பழைய கவிதை, ஆங்கிலக் காதல் கவிதைகள் என்று யார் தொகுப்புப் போட்டாலும் சேர்க்கிற கவிதை. பாடத்திட்டத்தில் அதன் தலைப்பு மட்டும்தான் இருந்தது, எங்களுக்கு வரிகளைக் கொடுத்தது கைடுதான். ஒருவன் மழையில் குதிரையேறித் தன் காதலியின் வீட்டுக்கு வருகிறான். வந்த வழியைச் சொல்கிறான். பாலம், மாவு ஆலை, குரைத்த நாய், காற்றில் போன தொப்பி. அவள் கண்ணைப் பற்றியோ கூந்தலைப் பற்றியோ ஒரு பேச்சில்லை. தேடினாலும் ஒரு உவமை கிடைக்காது. எல்லாம் குட்டிக் குட்டிச் சொற்கள், குழந்தை கூட உச்சரிக்கும். ஆனால் வழி குறையக் குறைய வரிகளும் குறைந்துகொண்டே வரும். முதல் வரியை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. கடைசியில் வாசலுக்கு வரும்போது ஒரு வரிக்கு நான்கே சொல். வாசித்தால் நமக்கும் மூச்சு வாங்கும், குதிரையில் வந்தவனுக்கு வாங்குகிற மாதிரி. அப்புறம் அவன் கதவை மறுபடியும் தட்டிவிட்டுச் சொல்கிறான்: நீ கதவைத் திறந்தால்.

அவ்வளவுதான். கவிதை அங்கே நின்றுவிடும்.

கைடில் இதற்கு ஒரு பக்கம் பாராட்டு இருந்தது. திறந்தால் என்ன என்று சொல்லாமல் விட்டதே இக்கவிதையின் உச்சம். காதலன் தன் வாக்கியத்தை மௌனத்திடம் ஒப்படைக்கிறான். காதலியோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்தப் பெண்ணின் மௌனமே இக்கவிதையின் மணிமகுடம். ஆங்கிலத்தில் இன்னும் ஆடம்பரமாக இருக்கும்.

மற்ற பாடங்களை மனப்பாடம் செய்தேன். இதை மட்டும் நம்பினேன். எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அம்மா அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் அந்த இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள், வீட்டிலும் அதே குரல்தான். உப்பு எங்கே என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ளும்படி கேட்பாள். அப்பா இருந்தவரை அவரும் அப்படித்தான். எங்களுக்கு எல்லாவற்றையும் முழுசாகச் சொல்ல வேண்டும், திரும்பவும் சொல்ல வேண்டும், அப்போதும் யாருக்கும் கேட்டிருக்காது. பாதி சொன்னாலே புரிந்துகொள்ள ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அந்தக் கவிதையைப் படித்தபோதுதான் தோன்றியது. படித்தவர்கள் இப்படித்தான் காதலிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் படித்தவளாகிவிடுவேன் என்று நினைத்தேன்.

படித்தேன். அதே கல்லூரியில் மணிக்கணக்கு விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வகுப்பு எடுத்தால் சம்பளம், கல்லூரி விடுமுறை என்றால் எங்களுக்குப் பட்டினி. துறையில் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். கழிப்பறையில் தண்ணீர் வராததை முதல்வரின் மேடைப்பேச்சுக்கு நடுவில் எழுந்து சொன்னவள் நான். அந்தப் பெயரில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு நிரந்தர இடம் ஒன்று காலியானது. வந்த விண்ணப்பங்களில் மூன்று பேரை வடிகட்டினார்கள், நானும் ஒருத்தி. மாணவிகள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பின்வரிசையில் தேர்வுக்குழு உட்கார்ந்திருக்கும். எனக்குக் கொடுத்த தலைப்பு, அந்தக் காதல் கவிதையின் மொழியும் நடையும். தாளைக் கொடுக்கும்போது கைடு சார் கண்ணைச் சிமிட்டினார். அவர் என் பக்கம் என்று புரிந்தது.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று சொன்னால் போதாது. சலவைப் பிரிவில் துணியைப் பிழிந்து எடுக்கும் பெரிய உருளையிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்து அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. தலைசீவ இடது கையைத்தான் பயன்படுத்தினாள். வேலையை விடு என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் உனக்கு நிரந்தரம் ஆகட்டும் என்பாள். உருளையிலிருந்து அவள் கையை எடுக்க எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

பாடம் நடத்துவதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா என் உடுப்பை இஸ்திரி போட்டாள். நான் செய்கிறேன் என்றால் விடமாட்டாள். இடது கையால் தேய்ப்பதில் மடிப்பு கோணலாக வந்தது.

"என்ன பாடம்டி நடத்தப் போறே?"

"ஒருத்தன் மழையில ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான்மா."

"எதுக்கு?"

"லவ்வு."

"சரி. அவ என்ன சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அதான் இதுல அழகே."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வீட்ல இருந்திருக்க மாட்டா. வேலைக்குப் போயிருப்பா. இவன் விசாரிச்சுட்டு வந்திருக்கலாம்."

"அய்யோ அம்மா, இது கவிதை."

"கவிதைன்னா நனையட்டும்னு விட்டுடுவியா? நீ இத நாளைக்கு அவ்ளோ பேர் முன்னாடி சொல்லப் போறே. யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் படிச்சவங்க."

"அது சரி" என்றாள், காலரைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் வகுப்பறை கழுவித் துடைத்திருந்தது. மூன்றாமாண்டு மாணவிகள், எனக்கு நன்றாகத் தெரிந்த முகங்கள். பின்வரிசையில் முதல்வர், கைடு சார், நடுவில் வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை. வெட்டிய நரைமுடி, கையில் ஒரு சின்னப் பென்சில். மொழியியல்காரர், இலக்கியம் அவர் துறை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய மதிப்பெண்தான் முடிவு செய்யும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் நன்றாகவே நடத்தினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வரிகளைக் கரும்பலகையில் எழுதினேன். வரிகளின் ஓரம் மலைச்சரிவு மாதிரி உள்ளே இறங்கி வருவதைக் காட்டினேன். ஒரு பெண்ணை எழுப்பி முதல் வரியையும் வாசலுக்கு வரும் வரியையும் வாசிக்கச் சொல்லி, மூச்சு எங்கே நிற்கிறது என்று கேட்டேன். குதிரைக் காலடிபோல் விழும் சொற்களை மேசையில் தட்டிக் காட்டினேன். தொப்பி பறந்து போனதைச் சொல்கிறவன் ஏன் அதைத் தேடவில்லை என்று கேட்டேன். "அவசரம் மேம்" என்றாள் ஒருத்தி. "லவ் இருக்கிறப்ப தொப்பி எதுக்கு மேம்" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள், முதல்வரும் சிரித்தார். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கடைசி வரி. நீ கதவைத் திறந்தால். சொல்லிவிட்டு நிறுத்தினேன். வகுப்பு அப்படியே அடங்கியது. வெளியே யாரோ வாளி இழுக்கும் சத்தம் மட்டும். பேராசிரியை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு வேலை கூட நினைவில் இல்லை.

"அவ பதில் பேசல" என்றேன். "அந்த மௌனம்தான் இந்தக் கவிதையோட மணிமகுடம்."

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அவளுக்கு வகுப்பில் பெயர் டவுட்டு. எப்போதும் ஒரு சந்தேகம் கேட்பாள் என்பதால் வந்த பெயர். ஒல்லியான பெண், பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அவள் கை தூக்கியதும் மற்றவர்கள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேம், அந்தப் பொண்ணு பேசுறாளே."

"எங்க பேசுறா?"

"அடுத்த பக்கத்துல மேம். லைப்ரரில அந்தக் கவிஞரோட மொத்தத் தொகுப்பு இருக்கு. அதுல இந்த வரி பக்கத்தோட அடியில வருது. திருப்பினா மீதி இருக்கு. நீ கதவைத் திறந்தால் குதிரையை எங்கே கட்டுவதுன்னு கேக்குறான். அதுக்கு அப்பறம் அவ பேசுறா. நெறைய பேசுறா மேம்."

வகுப்பே குலுங்கியது. குதிரை, குதிரை என்று யாரோ ஒருத்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு உடனே புரிந்தது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமாக நான் சொக்கி நின்றது ஒரு பக்கம் முடிந்த இடம். அச்சகத்தில் தாள் தீர்ந்த இடத்தை உச்சம் என்று படித்து, உச்சம் என்று எழுதி, உச்சம் என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த நூலகத்துக்கு நான் பதினெட்டு வயதிலிருந்து போகிறேன். அந்தத் தொகுப்பை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

கைடு சாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "வேற பதிப்பா இருக்கும்" என்றார் யாரையும் பார்க்காமல்.

பேராசிரியை அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்க வகுப்புதானே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்வது சரியாக இருக்கலாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பட்டாசு என்று பெயர் வாங்கியவள் எதையாவது வெடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கைடை எழுதியவர் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருக்கிறார், கைடில் ஒரு பக்கம் காணோம் என்று சொல்வது அவரை நடுத்தெருவில் நிறுத்துவது. இதெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. பதில் என் வாயில் தயாராக இருந்தது.

"அது இடைச்செருகல்" என்றேன். "பின்னால யாரோ எழுதிச் சேர்த்தது. நடையைப் பாத்தாலே தெரியும். ஆய்வாளர்கள் அதை ஏத்துக்கல."

அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "புத்தகத்துல அப்படி எதுவும் போடலயே மேம்."

"புத்தகத்துல எல்லாத்தையும் போடுவாங்களா? கைக்குக் கிடைச்சத எல்லாம் எடுத்துப் படிக்கறதுக்கு முன்னாடி எதைப் படிக்கணும்னு கத்துக்கோ. உக்காரு."

உட்கார்ந்தாள். சிரிப்பு இந்த முறை அவள் பக்கம் திரும்பியது. பேராசிரியை தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார். நான் கரும்பலகையைத் துடைத்தேன், திரும்பி நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் கைடு சார் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இடைச்செருகல். எனக்கே தோணலம்மா. பிரமாதம்."

"சார், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னது?"

"மீதிப் பக்கம் இருக்குன்னு."

அவர் சுற்றிப் பார்த்தார். "கைடு வந்து ரெண்டாவது வருஷமே தெரியும். ஒருத்தர் கடுதாசி போட்டாரு. அதுக்குள்ள எல்லா காலேஜுக்கும் போயிடுச்சு. பிள்ளைங்க அதையே எழுதுறாங்க, வாத்தியாருங்க அதையே திருத்துறாங்க. இப்ப போயி மாத்தினா யாருக்கு மார்க்கு போகும்? பிள்ளைங்களுக்கு."

"முதல்ல எப்படி சார் விட்டுப்போச்சு?"

"நடைபாதையில வாங்கின புத்தகம்மா. எங்கப்பா மூட்டை தூக்கினவரு. புதுப் புத்தகம் வாங்க எங்க போறது? கடைசித் தாள் கிழிஞ்சிருந்தது. பக்கம் அங்க முடிஞ்சது, கவிதையும் முடிஞ்சதுன்னு நெனச்சேன். முடிஞ்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நானும் உன்ன மாதிரிதான். அதனாலதான் உனக்குச் சொல்றேன். வேல கிடைச்சிடும். கவலப்படாதே."

அவரைத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. திட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவருக்காவது தாள் கிழிந்திருந்தது. எனக்கு நூலகத்தில் முழுப்புத்தகம் இருந்தது.

அன்றைக்கே நூலகத்துக்குப் போனேன். கனமான புத்தகம், முதுகில் பசை விட்டிருந்தது. டவுட்டு சொன்னது சரிதான். வலது பக்கத்தின் அடியில் அந்த அரைவரி. தாளைத் திருப்பினேன்.

குதிரையை எங்கே கட்டுவது என்று கேட்கிறான், அது நனைந்திருக்கிறது என்கிறான், அத்தோடு அவன் பேச்சு முடிகிறது. பிறகு அவள். அவளுடைய பத்தி பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்திருந்தது. ஒரே வாக்கியம். எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. நீ முதல் முறை தட்டினபோதே கேட்டுவிட்டது, கையெல்லாம் மாவு, கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பாலத்தையும் நாயையும் சொல்லி முடித்துவிட்டாய், குதிரையைக் கொட்டகையில் கட்டு, கீழே இருக்கிற வைக்கோல் ஈரம், மேலே இருப்பதை எடுத்துப் போடு, தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளு, இல்லாவிட்டால் கீச்சிடும், அப்பா தூங்குகிறார், காலைத் துடை, தொப்பியை நாளைக்குத் தேடலாம், எந்தப் பாலம் என்று சொன்னாய், உள்ளே வா.

காதல் என்ற சொல் அதிலும் இல்லை. அவனுடைய வரிகள் சுருங்கிச் சுருங்கி வந்ததெல்லாம் அவள் இப்படிக் கொட்டுவதற்குத்தான். அவன் மூச்சு நிற்கிற இடத்தில் அவள் மூச்சு ஆரம்பிக்கிறது, அவள் நிறுத்துவதாக இல்லை. கடைசி இரண்டு சொற்கள் வரும்போது நான் என்னையறியாமல் நாற்காலியில் முன்னால் நகர்ந்திருந்தேன். இதைத்தான் நடை என்று சொல்ல வேண்டும். இதைத்தான் கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

அவள் எங்கள் வீட்டு ஆள் மாதிரிப் பேசுகிறாள். சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் மாதிரி, கைவேலையை விடாமல், எல்லாவற்றையும் முழுசாக. நடையைப் பார்த்தாலே தெரியும் என்று நான் சொல்லியிருந்தேன். இப்படிப் பேசுகிற பெண் அந்தக் கவிதைக்குச் சொந்தக்காரி இல்லை, வெளியிலிருந்து யாரோ செருகிவிட்டது என்று நானே, மேடையில் நின்று, ஒரு பேராசிரியை முன்னால் சாட்சி சொல்லியிருந்தேன். புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். நூலகர், "என்ன மேம், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வெயில் என்றேன்.

ஆணை அடுத்த வாரம் வந்தது. இரண்டு வருடம் தகுதிகாண் பருவம், துறைத்தலைவரின் அறிக்கை திருப்தியாக இருந்தால் நிரந்தரம். அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாததால் முத்திரையை மட்டும் தடவிப் பார்த்தாள்.

"அந்த மழைக்காரன் காப்பாத்திட்டான் பாரு" என்றாள். "ஏன்டி மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னியா?"

"சொன்னேன்மா."

"அப்பறம் என்ன?"

அவள் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போய் மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். எதிர்வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பொண்ணுக்கும் ரெண்டு புத்தி சொல்லும்மா, உன்ன மாதிரி தைரியமா வரணும்" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கல்லூரியில் டவுட்டைத் தேடினேன். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் தனியாக நின்று பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"அன்னிக்கு நீ சொன்னது சரி" என்றேன். "நான் போயிப் பாத்தேன்."

"தெரியும் மேம்."

"என்ன தெரியும்?"

"நீங்க சொன்னது பொய்யின்னு. அன்னிக்கே தெரியும். எப்பவும் திட்டினா கண்ணப் பாத்துத் திட்டுவீங்க. அன்னிக்கு என் பையைப் பாத்துத் திட்டினீங்க."

"அப்ப ஏன் உக்காந்தே? இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு வேலைக்கான பரீட்சைன்னு எனக்குத் தெரியாது மேம். சும்மா க்ளாஸ் பாக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். நடுவுலதான் புரிஞ்சுது. புரிஞ்சப்பறம் எப்படி மேம் பேசறது? வீட்ல அம்மாகிட்ட சொன்னேன். பாவம், அந்தப் பொண்ணு பொழச்சுப் போகட்டும், விட்டுடுன்னாங்க."

பாவம். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல நான் விட்டதில்லை. முதல்வர் சொல்லியிருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன். யாரோ ஒரு அம்மா, என்னைப் பார்த்தே இராதவள், தன் வீட்டில் உட்கார்ந்து எனக்கு ஒரு வேலையைப் பிச்சை போட்டிருக்கிறாள், மகள் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"க்ளாஸ்ல நான் சொல்லிடறேன்" என்றேன். "நீ சொன்னதுதான் சரின்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவள் முகம் மாறியது. "வேணாம் மேம். என் பேர இழுக்காதீங்க. இன்டர்னல் மார்க்கு கைடு சார்தான் போடறாரு. ஏற்கெனவே அன்னிலேர்ந்து என்னைக் கண்டா மொறைக்கிறாரு. நீங்க ஏதோ சொல்லிட்டுப் போயிடுவீங்க."

"போக மாட்டேன். இங்கதான் இருக்கப் போறேன்."

"ஆமா" என்றாள். "உங்களுக்கு ஆயிடுச்சுல்ல" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

அன்றைய வகுப்பில் அவள் பெயரைச் சொல்லவில்லை. கரும்பலகை முன்னால் நின்று, போன வாரம் நான் தவறாகச் சொன்னேன், கவிதைக்கு மீதி இருக்கிறது, அது இடைச்செருகல் இல்லை, நான் புத்தகத்தைப் பார்க்காமலே பேசிவிட்டேன் என்று சொன்னேன். கைடைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொண்டு படித்தது மாதிரி இருந்தது என் குரல்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் முன்வரிசையிலிருந்து எழுந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்தவள், என்னைப் போலவே எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு வைத்திருப்பவள்.

"மேம், அப்ப பரீட்சைல எத எழுதணும்?"

எல்லாரும் பேனாவை எடுத்தார்கள். அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள்.

தாளைத் திருத்துகிறவர் கையில் கைடு இருக்கும். பெண் பேசுகிறாள் என்று எழுதினால், பாடமே படிக்காதவள் என்று குறுக்கே ஒரு கோடு போடுவார். இவர்களில் பாதிப் பேருக்கு உதவித்தொகை அந்த மதிப்பெண்ணில் தொங்குகிறது. கைடு சாரிடம் போய் இனிமேல் இரண்டையும் ஏற்கச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் என் தகுதிகாண் அறிக்கையில் அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அம்மா வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தாயிற்று.

"மேம்?"

"கைடுல இருக்கறத எழுதுங்க" என்றேன்.

"மணிமகுடமா மேம்?"

"ஆமா. மணிமகுடம்."

பேனாக்கள் ஓடின. சிலர் ஏற்கெனவே எழுதியிருந்ததன் கீழே மறுபடியும் ஒரு கோடு இழுத்தார்கள். டவுட்டும் குனிந்து எழுதினாள். நூலகத்திலிருந்து வாங்கி வந்திருந்த அந்தக் கனமான புத்தகத்தை என் பையிலிருந்து எடுத்தேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கவிதையில் அந்தப் பெண் பேசுகிற பத்தியைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன், மாவுக் கை, கொட்டகை, ஈர வைக்கோல் என்று. இது தேர்வுக்கு வராது என்று தெரிந்துவிட்டதால் பேனாக்களை மூடி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள்.